நீல மூடி

வண்டிக்கு ஒரு வாய் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. டீசலில் ஓடும் இக்காலப் பிக்கப் வண்டிகள் பலவற்றுக்கு வாய் இரண்டு. ஒன்று டீசல் ஊற்றுவதற்கு உரியது. அதனை அடுத்து, அதனினும் சற்றுக் குறுகியதாக, நீல மூடியிட்ட மற்றொன்று இருக்கும். முதல் வாய் உண்பது வண்டியின் ஓட்டத்துக்காக. இரண்டாம் வாய் உண்பதோ வண்டிக்காக அன்று. அவ்வண்டி சென்ற வழியில் பின்னால் வந்து மூச்சு விடுவோருக்காக.

கேட்பதற்கு இது அழகிய ஏற்பாடு. அதனோடு வாழ்ந்து பார்க்கும்போதோ, அழகோடு அல்லலும் சேர்ந்தே வருகிறது. அந்த அல்லலின் நடுவே எழுந்த ஒரு கேள்வி நம்மை நெடுநாள் விடாமல் பற்றிக்கொண்டது. அதனையே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

நாம் மதரஸாவில் ஓதி, அரபியும் தமிழும் கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டோம். இயந்திர நூல் நமது துறையன்று. எனினும் சில ஆண்டுகளாக அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நம் தங்கையின் மகனோடு வசித்து வருகிறோம். அவர் அங்கே சிறியதோர் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். அம்மாநிலத்துச் செடார் ராப்பிட்ஸ் நகரில், பள்ளிவாசலாகவே கட்டப்பெற்று இன்றளவும் நிற்பவற்றுள் அந்நாட்டிலேயே மிகப் பழையது எனப் போற்றப்படும் பள்ளிவாசல் ஒன்று உண்டு. 1934-ஆம் ஆண்டு எழுந்தது. அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வார இறுதியில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்கச் செல்வது நமது வழக்கம். பண்ணையிலிருந்து போக வர நெடுந்தொலைவு. போவது மருமகனின் பிக்கப் வண்டியில். ஆடுகளைச் சந்தைக்கு ஏற்றும் டிரெய்லரை இழுப்பதும் அதே வண்டிதான். ஆகவே அவ்வண்டியின் சுகதுக்கங்கள் நம்முடையவையும் ஆயின.

அங்குப் பிக்கப் வண்டியை ஆடம்பரம் என்று எண்ணிவிடலாகாது. கண்ணுக்கெட்டிய தூரம் சோளக் கொல்லையும் சோயாக் கொல்லையுமாய் விரிந்த நிலம். பேருந்து இல்லை. தீவனம், ஆடு, விறகு, வேலிக்கம்பி, மருத்துவரிடம் செல்லும் நோயாளி ஆகிய அனைத்தும் அவ்வண்டியையே நம்பியிருக்கின்றன. நம் ஊரில் உழவனுக்கு மாட்டுவண்டி எதுவாக இருந்ததோ, அங்கே உழவனுக்குப் பிக்கப் அதுவாக இருக்கிறது. மாடு படுத்துக்கொண்டால் வீடே படுத்துக்கொள்ளும் அன்றோ?

நீல மூடிக்குள் ஊற்றும் திரவத்தை அமெரிக்கர் 'டெஃப்' என்பர். ஐரோப்பாவில் 'ஆட்புளூ' என்ற வணிகப் பெயரே வழங்குகிறது. நம் இந்திய நாட்டிலும், 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், லாரித் தொழிலில் உள்ளோர் அந்தப் பெயரை நன்கறிவர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா. எஞ்சியது தாது நீக்கிய தூய நீர். வேறு ஒன்றும் இல்லை. நிறமும் இல்லை. நீலம் என்பது மூடியின் நிறமேயன்றித் திரவத்தின் நிறமன்று.

இதனைப் பற்றி அந்நாட்டு மக்களிடையே ஒரு கதை உலவுகிறது. இது பன்றியின் சிறுநீர் என்பதே அக்கதை. பலர் வேடிக்கையாகச் சொல்வர். சிலர் மெய்யென்றே நம்புவர். ஒருநாள் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்தபின், ஒரு பெரியவர் நம்மைத் தனியே அழைத்தார்.

"ஹஜரத், வண்டிக்கு ஊத்துற நீல மூடித் தண்ணி பன்னி மூத்திரம்கிறாங்களே. கையிலயும் கைலியிலயும் பட்டுப் போகுது. தொழுகை கூடுமா?"

அவர் கேட்டது வேடிக்கையாக அன்று. பல நாள் மனத்தில் வைத்துப் புழுங்கிக் கேட்டார். ஆகவே நாமும் வேடிக்கையாக விடையிறுக்கவில்லை. யூரியா என்ற பெயர் சிறுநீரிலிருந்து வந்தது உண்மை. 1773-இல் ரூவெல் என்ற பிரெஞ்சு வேதியியலார் அதனைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். ஆயின் 1828-இல் வோலர் என்ற ஜெர்மானியர், எந்த உயிரின் உடலும் இல்லாமலே, ஆய்வுக்கூடத்துப் பொருள்களிலிருந்து அதே யூரியாவை ஆக்கிக் காட்டினார். உயிரினங்களின் உடல் மட்டுமே இத்தகைய பொருளை உண்டாக்கவல்லது என்ற பழைய நம்பிக்கை அதனால் ஆட்டங்கண்டது. இன்று ஆலைகளில் யூரியாவை ஆக்குவது அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் கூட்டி. அந்த அம்மோனியாவோ பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தும் வருகிறது. பன்றிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. "வயலுக்குப் போடும் யூரியா மூட்டைக்கு நீர் அஞ்சுவதுண்டா?" என்று கேட்டோம். "இல்லை" என்றார். "இதுவும் அதன் உடன்பிறப்பே, இன்னும் தூய்மையானது. காய்ந்தால் வெள்ளைப் பொடியாகப் படியும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும்" என்றோம். பெரியவரின் முகம் தெளிந்தது.

இனி, இத்திரவம் செய்யும் வேலை என்ன என்பதைக் காண்போம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் அது எதனோடும் சேராத சாது. டீசல் எஞ்சினுக்குள் எழும் பெரும் வெப்பத்திலோ, அச்சாது ஆக்சிஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறிவிடுகிறது. அவை சைலன்சர் வழியே வெளியேறி, வெயில்பட்டு, வேறு ஆவிகளோடு கலந்து தரைமட்டத்து ஓசோனாகவும் நுண்துகள்களாகவும் உருவெடுக்கின்றன. இவை மூச்சுக்குழலை அரிப்பவை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆஸ்துமா உடையோருக்கும் இவற்றால் கேடு மிகுதி.

இதனைத் தடுப்பதற்கே நீல மூடித் திரவம். அது டீசலோடு கலப்பதில்லை. எஞ்சினுக்குள் செல்வதும் இல்லை. சூடான புகை செல்லும் குழாயில் அதனைச் சிறு ஊசித்துளை வழியே பனித்தூவலாகத் தெளிக்கிறார்கள். புகையின் வெப்பத்தில் யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. அடுத்துள்ள உலோகக் கூட்டுக்குள், வினையூக்கி பூசிய தேன்கூடு போன்ற கண்ணறைகளில், அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. சந்தித்து முடிந்தபின் எஞ்சுபவை நைட்ரஜனும் நீராவியும். எந்தக் காற்றிலிருந்து எடுத்தோமோ, அந்தக் காற்றுக்கே நைட்ரஜனைச் சாதுவாகத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லலாம்.

இதனைப் படித்தபோது நமக்கு ஓர் உவகை. ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர், காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தேய்க்கும்போது குப்பென்று வெண்புகை எழுந்து மூக்கைத் துளைக்குமே, அந்த நவச்சாரம் அம்மோனியாவின் உப்புத்தான். அரபு நூல்களில் அதன் பெயர் 'நூஷாதிர்'. ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களிலும், அபூபக்ர் அர்ராஸீயின் நூல்களிலும் அது பேசப்படுகிறது. சூடுபட்டால் ஆவியாகப் பறந்துவிடுவதால் அர்ராஸீ அதனைப் பாதரசம், கந்தகம் ஆகியவற்றோடு சேர்த்து 'ஆவிகள்' என்ற வகையில் வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு அறிஞர் வாலையில் ஏற்றி இறக்கிய பொருளின் உறவு, இன்று ஐயோவாவின் ஆட்டு வண்டியின் அடிவயிற்றில் வேலை செய்கிறது. அறிவுக்கு ஊர் ஏது, எல்லை ஏது?

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பரவியதற்குக் காரணம் 2010-ஆம் ஆண்டு முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த புகை விதிகள். பெரிய பிக்கப் வண்டிகளைச் செய்வோருள் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 2011-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இத்திரவத்தைக் கொண்டுவந்தன. ராம் பிக்கப்களில் அது வந்தது 2013-ஆம் ஆண்டு மாடல்களில். அதற்கு முன் வண்டி வாங்கியவர்கள் நீல மூடியை அறியார். ஆகவே அந்நாட்டுப் பண்ணைக்காரர் பேச்சில் காலமே இரண்டாகப் பிரிந்துவிட்டது: நீல மூடிக்கு முன், நீல மூடிக்குப் பின்.

அதனோடு வாழ்வதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றை மருமகனிடமிருந்து நாமும் கற்றுக்கொண்டோம். திரவத்தின் செலவு டீசலின் செலவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. டிரெய்லரைக் கட்டி இழுத்தால் கூடும். இரண்டரைக் கேலன் பெட்டியாகக் கடையில் கிடைக்கும். பெரிய பங்க்குகளில் டீசல் குழாய்க்கு அருகிலேயே தனிக் குழாயும் உண்டு. பெட்டி வாங்கும்போது தேதி பார்த்து வாங்க வேண்டும். வெயிலில் கிடந்த பெட்டி விரைவில் கெடும். குளிர்ந்த நிழலில் வைத்தால் ஓராண்டும் அதற்கு மேலும் தாங்கும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ கலந்து ஒப்பேற்றலாகாது. அந்நீரின் சுண்ணாம்பு வினையூக்கியின் கண்களை அடைத்துவிடும். ஊற்றும் புனலுக்குக்கூடத் தனித் தூய்மை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்திரவத்தை டீசல் தொட்டியில் ஊற்றிவிடலாகாது. அப்படி ஊற்றி வண்டியை முடுக்கினால் டீசல் பம்பும் ஊசிகளும் துருவேறி அழியும். வண்டியின் விலையில் ஒரு பெரும் பங்கு அன்றே போகும். இதற்கு அஞ்சியே பங்க்கில் டீசல் குழாயின் மூக்கை 22 மில்லிமீட்டராகவும், இத்திரவத்தின் மூக்கை 19 மில்லிமீட்டராகவும் வைத்தனர். பெரிய மூக்கு சிறிய வாயில் நுழையாது. ஆயின் சிறிய மூக்கு பெரிய வாயில் நுழையும். அங்கே மனிதனின் கவனமே காவல்.

வண்டியை நிறுத்தியவுடன் அடியில் 'விர்' என்று ஓர் ஓசை சற்று நேரம் கேட்கும். குழாயில் எஞ்சிய திரவத்தைப் பம்பு தொட்டிக்குத் திருப்பி உறிஞ்சுகிறது. அதற்குள் பேட்டரியைக் கழற்றலாகாது. அருகருகே கடைத்தெருவுக்கு மட்டுமே ஓட்டும் வண்டியில் புகை போதிய அளவு சூடேறாமல், யூரியா வெள்ளைப் பாறையாகக் குழாயில் படியும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓட்டி வண்டியை 'வியர்க்க' வைக்க வேண்டும் என்பது அங்கத்திய மெக்கானிக்குகளின் கைமருந்து.

இவையெல்லாம் தாங்கக்கூடியவை. ஒரு பசுவை வளர்ப்பவன் அதன் குணமறிந்து நடப்பதுபோல் நடந்துகொண்டால் போதும். தாங்க இயலாததாக வந்தது குளிர்காலம்.

இத்திரவம் சுழிக்குக் கீழே 11 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். ஐயோவாவின் சனவரியில் அதனினும் கீழே செல்லாத வாரம் அரிது. உறைவது குற்றமன்று, அதனை அறிந்தே செய்திருக்கிறார்கள். 32.5 என்ற அளவே, இக்கரைசல் மிகக் குறைந்த வெப்பத்தில் உறைவதற்கும், உறைந்து உருகினாலும் அளவு மாறாமல் இருப்பதற்கும் தேர்ந்தெடுத்த அளவு. வண்டி முடுக்கியவுடன் கிளம்பும். தொட்டிக்குள் உள்ள ஹீட்டர் திரவத்தை மெல்ல உருக்கிக்கொள்ளும். ஹீட்டர் நலமாக இருக்கும்வரை எல்லாம் நலமே.

ஒரு சனவரி மாதம் அந்த ஹீட்டர் செத்துப்போனது. ஆடுகளை ஏலச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இருந்த வாரம். ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன் கீழே எழுத்துகள் ஓடின. இன்னும் 150 மைல் சென்றபின் வண்டி மணிக்கு 5 மைல் வேகத்துக்கு மேல் ஓடாது என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். 5 மைல் என்பது நடப்பவரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதல். எஞ்சினில் குறையில்லை, டீசல் நிறைய இருந்தது, நீலத் தொட்டியும் நிறைந்தே இருந்தது. ஆனால் வண்டிக்குள் உள்ள கணிப்பொறி, இவன் திரவம் ஊற்றாமல் ஏய்க்கிறானோ, அன்றிக் கருவி பழுதோ என்று பிரித்தறிய வேண்டிய கடமையைத் தன்மீது வைத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் ஒரே தண்டனை.

வண்டி வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, தொட்டியோடு சேர்ந்த அந்தப் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது. பொருள் வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேலாகும். செலவு சுமார் 2,000 டாலர் என்றனர். இரண்டாயிரம் டாலர் என்பது அப்பண்ணையில் எத்தனை குட்டிகளின் விலை என்பதை மருமகன் விரல்விட்டு எண்ணியதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அண்டைப் பண்ணைக்காரர் வந்தார். நல்ல மனிதர், பனியில் நம் வாசலைச் சொல்லாமலே வழித்துவிட்டுப் போகிறவர். அவர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். இந்தக் கூட்டையும் தெளிப்பானையும் கழற்றி எறிந்துவிட்டு, நேர்க்குழாய் ஒன்றைப் பொருத்தி, கணிப்பொறியின் எழுத்தை மாற்றித் தருபவர்கள் உண்டு, தாமும் அப்படியே செய்துகொண்டார், அன்றுமுதல் நிம்மதி. "இந்தச் சோளக் கொல்லையில் நம் புகையை முகர யார் இருக்கிறார்கள்?" என்றும் கேட்டார்.

அவர் சென்றபின் மருமகன் நம் எதிரே அமர்ந்தார். கண்களில் உறக்கமில்லை.

"மாமா, நாலு வருஷமா தொட்டியில ஒரு சொட்டுக் குறைய விட்டதில்லை. ஒழுங்கா ஊத்துனேன். இன்னைக்கு அதுவா கெட்டுப் போச்சு. என்னைய ஏன் மாமா திருடனைப் பாக்குற மாதிரி பாக்குது? திருடனாவே இருந்தாத்தான் நிம்மதின்னா, நானும் கழட்டிப் போட்டுடவா?"

இந்தக் கேள்விதான் நாம் முதலில் சொன்ன கேள்வி. இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை எளிது. 1970-ஆம் ஆண்டில் உருப்பெற்ற அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டத்தின்படி புகைக் காப்பைக் கழற்றுவது குற்றம். கழற்றித் தருவதும் குற்றம். ஆனால் அவர் கேட்டது சட்டத்தை அன்று. நேர்மையாக நடந்தவனுக்கு நேர்மையின் பயன் எங்கே என்று கேட்டார். ஓர் ஆசிரியன் அப்படிப்பட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாகாது. ஓரிரு நாள் பொறுக்கச் சொன்னோம்.

அந்நாள்களில் நாம் எண்ணிப் பார்த்தவை இவை.

முதலாவது, யார் முகர்கிறார்கள் என்ற வினா. நைட்ரஜன் ஆக்சைடு புகைபோலக் கண்ணுக்குத் தெரிந்து, முன்னால் நிற்பவரின் முகத்தில் அடித்துவிட்டு ஓய்வதன்று. அது காற்றோடு சென்று, வெயிலில் வெந்து, பல மைல் தொலைவில் நஞ்சாவது. கொல்லையில் விட்ட புகையை நகரத்துக் குழந்தை முகரலாம். நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளுள் இருவர் கிதாபோடு சேர்த்து மூச்சுமருந்துக் குப்பியையும் பையில் கொண்டுவருகிறார்கள். அவர்களுடைய நோய் இன்னார் வண்டியால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படி யாராலும் சொல்ல இயலாது. பெயர் சொல்லிச் சுட்ட இயலாத தீங்கு என்பதாலேயே அதனைச் செய்வது எளிதாகிறது. அதனாலேயே அதிலிருந்து விலகி நிற்கும் கடமையும் கனக்கிறது.

இரண்டாவது, ஒருவர் கழற்றினால் என்ன என்ற வினா. கழற்றுபவர் ஒருவராக இருப்பதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட கணிப்பின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் புகைக் காப்பு கழற்றப்பட்ட டீசல் பிக்கப்கள் 5,50,000-க்கு மேல். அவை விடும் மிகைப்புகை, விதிப்படி ஓடும் 90 லட்சம் பிக்கப்களைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்கு நிகர் என்றும் அக்கணிப்பு சொன்னது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரும் அல்லல்பட்ட உழவர், அல்லது வீம்பு பேசிய இளைஞர். கூட்டிப் பார்த்தால் அது ஒரு நாட்டின் காற்று.

மூன்றாவது, பெரியவர்கள் செய்த ஏய்ப்பு. சிறியவனை 5 மைலில் நடக்கவைத்த இதே காலத்தில் பெரிய நிறுவனங்கள் என் செய்தன? சோதனைக் கூடத்தில் ஒரு முகமும் சாலையில் ஒரு முகமும் காட்டும் கணிப்பொறி எழுத்தை ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் மறைத்து வைத்திருந்தது 2015 செப்டம்பரில் வெளியாயிற்று. உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள் அதில் அடங்கின. பிக்கப் உலகிலும் அத்தகைய வழக்கு வந்தது. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்கப்களுக்குக் கம்மின்ஸ் நிறுவனம் செய்து தந்த சுமார் 6,30,000 எஞ்சின்களில் புகைக் காப்பை ஏய்க்கும் அமைப்பு இருந்ததென அரசு குற்றஞ்சாட்டியது, 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த அந்நிறுவனம் 2023 டிசம்பரில் உடன்பட்டது. தவறென்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆக, நம்பி வாங்கியவன் நேர்மையாகத் திரவம் ஊற்றிக்கொண்டிருக்க, அவன் வண்டியின் நேர்மையே ஐயத்துக்கு உள்ளான காலமும் இருந்தது. மருமகனின் கசப்பு காரணமற்றதென்று எவ்வாறு சொல்வோம்?

நான்காவது, இச்சுமை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதிக்குத் தடங்கல் செய்தது. தனக்கு வேண்டிய தொழிலக யூரியாவில் ஏறத்தாழ முழுவதையும் அங்கிருந்தே வாங்கிவந்த தென்கொரியாவில் லாரிகள் நின்றுபோகும் அபாயம் எழுந்தது. அரசு தன் வான்படை விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கரைசலை ஏற்றிவந்தது. ஓரிரு மாதத்துக்குள் ஆஸ்திரேலியாவிலேயே தட்டுப்பாடு தோன்றி, இந்தோனேசியாவிடமிருந்து 5,000 டன் யூரியா பெற வேண்டியதாயிற்று. டீசல் இருந்தும், ஓட்டுநர் இருந்தும், சரக்கு இருந்தும், ஒரு வெள்ளை உப்பு இல்லாமையால் நாடே நிற்கக்கூடும் என்பதை உலகம் அன்று கண்டது. இத்தகைய ஏற்பாட்டைச் செய்பவர்கள், அது பழுதானால் என்ன வழி என்பதையும் சேர்த்தே செய்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் மருமகனிடம் சொன்னோம்:

"தம்பி, அந்த வண்டி உன்னைத் திருடன் என்று எண்ணுவது வண்டியின் குறை, அதனைச் செய்தவர்களின் குறை. அதற்காக நீ திருடனாகிக் காட்டினால் அந்தக் குறை உண்மையாகிவிடும். நீ இதுகாறும் ஊற்றியது அந்தக் கணிப்பொறிக்கு அஞ்சி என்றால் இன்றே கழற்றிவிடு. நாம் தடுக்க மாட்டோம். பின்னால் வருபவனின் மூச்சுக்காக என்றால், அவன் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறான்."

அவர் மறுமொழி சொல்லவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போனார். இரண்டு வாரமும் வண்டி கொட்டகையில் நின்றது. ஆடுகளைச் சந்தைக்கு ஏற்றிச் சென்றது யார் தெரியுமா? நீல மூடியைக் கழற்றச் சொன்ன அதே அண்டைக்காரர். கூலி வாங்க மறுத்துவிட்டார். மனிதரை ஒரே தராசில் வைத்து நல்லவர், தீயவர் என்று நிறுத்துவிட இயலாது என்பதற்கு அவரே நமக்குச் சான்று. பொருள் வந்தது, பணம் கொடுத்து மாற்றினார் மருமகன். அதற்காக வைத்திருந்த பெட்டைகளுள் சிலவற்றை விற்க நேர்ந்தது. அந்த இழப்பை நல்லொழுக்கத்தின் பரிசு என்று நாம் பூசி மெழுக விரும்பவில்லை. அது இழப்பே. நேர்மையாக நடப்பவன்மீது விழலாகாத இழப்பு.

இது குறித்து அரசின் காதில் ஏதும் விழவில்லை என்று சொல்வதற்கில்லை. 2025 ஆகஸ்ட் 12 அன்று, இதே ஐயோவாவின் மாநிலப் பெருஞ்சந்தையில் வைத்து, சுற்றுச்சூழல் காப்பு நிறுவனத்தின் தலைவர் லீ செல்டின் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில், பழுது கண்டவுடன் வேகத்தை நெரித்துவிடாமல் பழுதுபார்க்கப் போதிய கால இடம் தருமாறு கணிப்பொறி எழுத்தைத் திருத்தும்படி நிறுவனங்களை அவர் கேட்டுக்கொண்டார். 2027-ஆம் ஆண்டு மாடல் முதல், சாலையில் ஓடும் புதிய டீசல் வண்டிகள், திரவம் தீர்ந்தாலும் திடீரெனப் பெருமளவில் வலிமை இழக்காதபடி அமைய வேண்டும் என்றும் அவர் சொன்னார். செய்தி கேட்டு உழவர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் நம் மகிழ்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. தண்டனையைத் தளர்த்துவது வேறு. கடமையைத் தளர்த்துவது வேறு. பழுதான ஹீட்டருக்காக ஓர் உழவனை நடுச்சாலையில் நிறுத்தாமல் இருப்பது நீதி. அதனையே சாக்காகக் கொண்டு நீலத் தொட்டியைக் காலியாக வைத்து ஓட்டுவது அநீதி. முன்னதைக் கேட்கும் உரிமை, பின்னதைச் செய்யாதவனுக்கே உண்டு.

இத்திரவத்தைப் பற்றி நாம் சொல்ல விழைவது இவ்வளவே. நமது வசதியின் விலையில் ஒரு பங்கு எப்போதும் முகந்தெரியாத ஒருவரின் தலையில் விழுகிறது. நெடுங்காலம் அதனை நாம் காணாதவர்போல் இருந்தோம். நீல மூடி, அந்தப் பங்கை ஊற்றுபவரின் கைக்கே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே அது கைக்குக் கனக்கிறது. அந்தக் கனம் நியாயமானது. நூறு கேலனுக்கு இரண்டு மூன்று கேலன் என்பது பிறர் மூச்சுக்குப் பெரிய விலையன்று. ஆனால் அந்தச் சுமையைச் சுமக்கச் சொல்பவர்கள், அதாவது சட்டம் செய்வோரும் வண்டி செய்வோரும், சுமப்பவனின் முதுகையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். எளிதில் பழுதாகாத ஹீட்டரும், தாங்கக்கூடிய விலையில் உடனே கிடைக்கும் உதிரிப்பாகமும், ஏய்ப்பவனையும் இடருற்றவனையும் பிரித்தறியும் கணிப்பொறியும் அவர்கள் செலுத்த வேண்டிய பங்கு. உழவன் தன் பங்கைச் செலுத்திவிட்டான். அவர்களுடையது இன்னும் நிலுவையில் இருக்கிறது.